சொல்ல வேண்டியவன் மலையில் இருந்தான்

மலையேறத் தொடங்கிய மூன்றாவது மணி நேரத்தில் ஜெபசுந்தருக்குத் தன் வாய் மேலேயே கோபம் வந்தது. சங்கரன்கோவில் ட்யூட்டோரியலில் இங்கிலீஷ் எடுத்தோமா, வீட்டுக்குப் போய்ச் சோற்றைத் தின்றோமா என்று கிடக்காமல், ஆஸ்திரியாக்காரன் லூக்காஸுக்கு மொழிபெயர்க்கிறேன் என்று ஒப்புக்கொண்டது இந்த வாய்தானே.

லூக்காஸ் மலைவாசிகளைப் படம் பிடிக்க வந்தவன். வெளியாள் காலே படாத ஊராக வேண்டும் என்றான். சென்னையிலிருந்து அனுமதிக் கடிதம் வாங்கி வந்திருந்தான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டாமா? அந்தக் கடிதத்துக்கு ஒரு முத்திரை வாங்கவே மூன்று நாள் நாயாய் அலைந்தார்கள். நான்காம் நாள் விடியற்காலை பஸ் பிடித்து வாசுதேவநல்லூரில் இறங்கி, ஜூன் மாதச் சாரலில், காலெல்லாம் அட்டை கடிக்க, தேக்கம்பாறைக்கு ஏறினார்கள்.

தேக்கம்பாறையில் எட்டு காங்கிரீட் வீடுகள் இருந்தன. எட்டுக்கும் டிஷ் இருந்தது, ஏழு பூட்டிக் கிடந்தன. லூக்காஸின் முகம் தொங்கிப்போய்விட்டது. கடைசி வீட்டு வாசலில் மட்டும் காலில் கட்டுப் போட்ட ஒருவர் கட்டிலில் படுத்திருந்தார். பெயர் மூக்காண்டி என்றார்.

"எல்லாரும் எங்க போயிட்டாவ?"

"சங்கரங்கோயிலுக்குத்தான் சார். எங்க மச்சான் நல்லகண்ணு மக ப்ரியதர்ஷினிக்கு நர்ஸ் படிப்புக்கு எடம் கெடச்சிருக்கு. நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள சாதிச் சர்டிபிகேட்ட கம்ப்யூட்டர்ல ஏத்தணுமாம். இல்லன்னா எடம் போயிரும்."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். ஜெபசுந்தருக்கு அழுகையே வந்தது. லூக்காஸ் மட்டும் விடவில்லை. வந்ததற்கு இவரையாவது எடுப்போம் என்று கேமராவை நிறுத்தி, "உங்கள் குலம் என்ன, எந்த வகையறா என்று கேள்" என்றான்.

ஜெபசுந்தர் கேட்டார். மூக்காண்டி எதிர்ப் பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி கேட்டார். மூக்காண்டி கால் கட்டைச் சரிசெய்துகொண்டார். மூன்றாம் தடவை பொறுமை போய்விட்டது.

"வாயில என்ன கொழுக்கட்டையாவே வச்சிருக்கீரு?"

"நம்ம வகையறாவ நாமளே சொல்லக் கூடாது சார். மச்சான்தான் சொல்லணும். தானே சொல்லிக்கிட்டா அவன் கள்ளப் பய. நல்லகண்ணு வகையறாவக் கேளுங்க, இருட்டுத வரைக்கும் சொல்லுதேன்."

அப்புறம் அவரை நிறுத்த முடியவில்லை. நல்லகண்ணுவின் ஏழு தலைமுறையும் வந்தது. யார் எந்தப் பாறையில் தேன் எடுத்தார், யார் எந்த ஓடையில் செத்தார், எல்லாம் வந்தது. சொல்லி முடித்ததும் மூக்காண்டியின் முகம் வாடிவிட்டது.

"நான் கூடப் போயிருக்கணும் சார். ஆபீஸ்லயும் வகையறாவத்தான் கேப்பாவ. பாறையில வழுக்கிட்டு. அவனுக்கு இருக்கது நான் ஒரு மச்சான்தான். கூடப் போனதெல்லாம் பங்காளிக, அதே வகையறா, அவங்களும் வாயத் தொறக்கக் கூடாது. போன்ல சொல்லலாம்னா இங்கன டவர் இல்ல."

அந்த வீடியோவோடு மறுநாள் மதியம் மூன்று மணிக்கு இருவரும் சங்கரன்கோவிலில் சான்றிதழ் கொடுக்கிற அலுவலக வராண்டாவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். உள்ளே அதிகாரி மேஜைக்கு முன்னால் நல்லகண்ணு கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில் சுடிதாரில் ஒரு பெண், கையில் ஃபைலோடு. அவள்தான் ப்ரியதர்ஷினி.

"நேத்தையில இருந்து கேக்கேன், ஒங்க வகையறா என்னய்யா?" என்றார் அதிகாரி. நல்லகண்ணு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் சொல்லுதேன் சார்" என்றாள் அந்தப் பெண்.

"நீ படிச்ச பிள்ள, மனப்பாடம் பண்ணிட்டு வந்திருப்ப. ஒங்கப்பன் சொல்லட்டும். சொந்த வகையறா தெரியாதவன் மலைக்காரனா?"

ஜெபசுந்தருக்கு, நேற்று தானும் இதே எரிச்சலோடுதானே மூக்காண்டியை விரட்டினோம் என்று வெட்கமாக இருந்தது. குறுக்கே புகுந்து, மச்சான் வழக்கத்தைச் சொல்லி, லூக்காஸின் கேமராவில் மூக்காண்டி பேசியதை ஓடவிட்டு அதிகாரி மேஜையில் வைத்தார். அதிகாரி அரை நிமிஷம் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி லூக்காஸைப் பார்த்தார்.

"சார் எந்த நாடு? ஆராய்ச்சியா? இவரு நேர்ல போயிப் பாத்திருக்காருல்லா, இவங்க மலைவாசிதான்னு ஒரு லெட்டர் எழுதித் தரச் சொல்லுங்க. போதும்."

"வீடியோவுலதான் மூக்காண்டி சொல்லுதாரே சார்."

"அந்தாளு யாருன்னு யாரு சாட்சி?"

லூக்காஸ் ஒரு வெள்ளைத்தாளில் பத்து வரி எழுதிக் கையெழுத்துப் போட்டான். நாலேகாலுக்குச் சான்றிதழ் வந்துவிட்டது.

வராண்டாவில் லூக்காஸ் கேமராவைத் தூக்கினான். "அதைக் கையில் பிடித்துக்கொண்டு சிரிக்கச் சொல்."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "எங்கப்பா ரெண்டு நாளா நின்னாரு. எங்க மாமா ஏழு தலைமுறைய சொன்னாரு. அதெல்லாம் செல்லாது. ஒரு நாள் மலையேறுன இவரு எழுதுனாத்தான் நாங்க மலைக்காரங்க. அப்படித்தான சார்?"

"என்ன சொல்கிறாள்? நன்றியா?"

ஐந்து நாளாக எல்லார் பேச்சுக்கும் சர்க்கரை தடவி மொழிபெயர்த்த ஜெபசுந்தர், இதை ஒரு சொல் குறைக்காமல் சொன்னார். லூக்காஸ் கேமராவை இறக்கினான். அதற்குள் அவள் சான்றிதழைப் பாலித்தீன் கவரில் போட்டுக்கொண்டு எதிரே இருந்த கம்ப்யூட்டர் கடைக்கு ஓடிவிட்டாள்.

நல்லகண்ணு அப்போதுதான் முதன்முதலாக வாயைத் திறந்தார்.

"மச்சான் கால் எப்படி இருக்கு சார்?"

"தேறிட்டு வருது."

"எங்களப் பத்தி ஏழு தலைமுறையுமா சொன்னான்?"

"ஒண்ணு விடல."

"அதக் கொஞ்சம் போடச் சொல்லுங்க சார்."

லூக்காஸ் படியில் உட்கார்ந்து கேமராவை நீட்டினான். பங்காளிகள் ஏழெட்டுப் பேர் சுற்றி வந்து குந்தினார்கள். ஆபீஸைப் பூட்ட வந்தவர் சாவியை ஆட்டி ஆட்டி விரட்டியும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஏழாவது தலைமுறை முடிகிற வரைக்கும் கேட்டுவிட்டுத்தான் எழுந்தார்கள்.