சீ டிரைவில் ஒன்றும் இல்லை

இடது தோள்பட்டை விடிந்ததிலிருந்தே குத்தியது. புறக்கோட்டையில் வெங்காய மூட்டை சுமந்து தேய்ந்த தோள். சுமந்த காலத்தில் வலிக்க அதற்கு நேரம் இருக்கவில்லை; வேலையை விட்ட பிறகு ஆற அமர இருந்து வலிக்கிறது. சண்முகலிங்கம் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு, கதிரையில் சாய்ந்தபடி நிலாமின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நிலாம் கொம்பனித்தெரு ஆள். பம்பலப்பிட்டியில் சாமான் சாமானாக வாங்கி, இந்தக் கொம்பியூட்டரைப் பூட்டித் தந்தவனும் அவன்தான். மகள் ஜெகதீஸ்வரி கொள்ளுப்பிட்டியில் கந்தோர் வேலை முடித்து வந்து, இரவில் இதில் டைப் அடித்துக் கொடுப்பாள். போன கிழமை யாரோ கொண்டுவந்த பென் டிரைவில் வைரஸ் ஏறியது. அதன் பிறகு போட்டால் அணைகிறது, அணைந்தால் தானாக எழும்புகிறது.

"ஏலாது அங்கிள்," என்றான் நிலாம். "நல்லா ஊறிட்டு. புதுசா விண்டோஸ் அடிக்கத்தான் வேணும்."

"அடி தம்பி. உனக்குத் தெரியாததே."

கொட்டாஞ்சேனையில் அவர்கள் இருந்த மாடியில் போன வருஷம் ஒரு சுற்றிவளைப்பு நடந்தது. பக்கத்து வீட்டில் புகுந்த பொலிஸ்காரன் ஒருவன் கொம்பியூட்டரைப் போடச்சொல்லி, படம் படமாகப் பார்த்தான். இயக்கத்தின் கையிலிருந்த வன்னியில் எடுத்த ஒரு கலியாணப் படம் அகப்பட்டது. அந்த வீட்டு மனிதர் திரும்பி வந்தபோது நேராக நடக்கவில்லை.

சண்முகலிங்கத்தின் மூத்த மகன் கிளிநொச்சியில். வெளியே வரப் பாஸ் இல்லாமல் அங்கேயே நின்றுபோனவன். வன்னிப் பாதை பூட்டுவதற்கு முன்னம் வந்த கடைசி பஸ்ஸொன்றில் யாரோ ஒருவரிடம் ஒரு சீடி கொடுத்தனுப்பியிருந்தான். அவனுடைய பெண் குழந்தை பிறந்து முப்பத்தொராம் நாள் துடக்குக் கழித்த அன்று எடுத்த படங்கள். சுற்றிவளைப்பு முடிந்த அன்றே ஜெகதீஸ்வரி சீடியை முறித்துக் குப்பையில் போட்டாள். கடதாசியில் இருந்ததெல்லாம் அடுப்புக்குப் போனது. கொம்பியூட்டரில் ஏற்றி வைத்திருந்த படங்களை மட்டும் விண்டோஸின் வயிற்றுக்குள், பிரிண்டருக்குரியது போல ஒரு பெயர் வைத்து ஒளித்தாள்.

"பொலிஸ்காரன் மேலால மேலாலதான் பார்ப்பான், அப்பா. விண்டோஸுக்குள்ள இறங்கிக் கிண்டமாட்டான். ஆனா யாரும் புதுசா அடிக்க வந்தா முதலே சொல்லிப்போடுங்கோ. அடிச்சா அதோட சேர்ந்து போயிடும்," என்று அவரிடம் சொல்லிவைத்திருந்தாள்.

சொல்வதற்குத்தான் அவர் இருந்தார். வாயைத் திறக்கப் போன நேரத்தில் நிலாமின் போன் அடித்தது.

"ஹரி சேர்... ஹரி சேர், ஹவஸ எனவா," என்றான் அவன், போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு. சரி சேர், பின்னேரம் வருகிறேன் என்று சிங்களத்தில் சொல்கிறான்.

"ஆர் தம்பி?"

"பொலிஸ் ஸ்டேஷன், அங்கிள். அங்கயும் ஒரு மெஷின் செத்துக் கிடக்கு. சல்லி குடுக்க மாட்டானுகள், பிளேன்டீ மட்டும் குடுப்பானுகள்." சிரித்தான். "இப்ப இத செல்லுங்க. சீ டிரைவ்ல ஏதும் ஈக்கா? அடிச்சா சீ முழுக்கத் துடைச்சிட்டுப் போகும். மை டொக்கியூமன்ட்ஸ் நான் டீ டிரைவுக்கு எடுத்திட்டேன். வேற?"

மனுசன் நல்லவன். ஆனால் பின்னேரம் அங்கே போய் பிளேன்டீ குடிக்கும்போது, சும்மா ஒரு கதைக்கு, கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டில் இப்படி ஒளித்து வைத்திருக்கிறார்கள் சேர் என்று சிரிக்கமாட்டான் என்பதற்கு என்ன நிச்சயம்?

"ஒண்டும் இல்லை தம்பி," என்றார் சண்முகலிங்கம்.

"ஷுவரா?"

"ஓம், ஓம். அடி."

நிலாம் அடித்தான். நீலத் திரையில் மஞ்சள் கோடு ஒன்று மெல்ல மெல்ல நீண்டது. சண்முகலிங்கம் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டார். இப்போதும் சொல்லலாம் என்று நினைத்தார். கோடு முடிந்தது. இன்னொரு கோடு தொடங்கியது. இப்போதும் சொல்லலாம் என்று அதற்கும் நினைத்தார். மூட்டை சரியும்போது கத்தாமல் நிற்கிறவன், தன்னோடு வேலை செய்கிறவனின் காலை முறிப்பான் என்பது அவருக்குத் தெரியாததல்ல.

கதவு திறந்தது. மனைவி இரத்தினம்மா மீன் பையோடு மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள். "சூடை மீன் விக்கிற விலையைக் கேட்டால் மயக்கம் வருது." பையை வைத்துவிட்டுத் திரையை எட்டிப் பார்த்தாள். "என்ன தம்பி, நடக்குதே? எங்கட பேத்தியின்ர படமெல்லாம் பக்குவமா எடுத்து வைச்சிட்டீங்கள்தானே? ஜெகா விண்டோஸுக்குள்ள வைச்சவள். இவர் சொல்லியிருப்பார்."

நிலாம் திரும்பிச் சண்முகலிங்கத்தைப் பார்த்தான். பிறகு மேசையில் கிடந்த தன் போனைப் பார்த்தான். அவனுக்கு விளங்கிவிட்டது என்பது அவன் கழுத்து சிவந்ததில் தெரிந்தது.

"ஓ ஆன்டி," என்றான். "அங்கிள் செல்லிட்டார்." சொல்லிக்கொண்டே குனிந்து, பின்பக்கத்து வயரை இழுத்தான். திரை கறுத்தது. "டிஸ்க்தான் கொஞ்சம் பழசு, மக்கர் பண்ணுது. கழட்டிட்டுப் போய் வீட்ட என்ட மெஷின்ல போட்டுப் பாக்கிறன்."

"படம் போயிடாதே?"

"பாப்பம் ஆன்டி."

அவன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தான். சண்முகலிங்கம் படிவரை கூடப்போனார்.

"தம்பி, இதை வைச்சுக்கொண்டு செக்பொயின்டாலே..."

"போற நேரம் நல்லா யோசிக்கிறீங்க அங்கிள்," என்றான் நிலாம். "முந்தி யோசிச்சிருந்தா அஞ்சு நிமிஷத்துல கொப்பி பண்ணியிருப்பன். என்னை என்னெண்டு நினைச்சீங்க?"

பதிலுக்கு நிற்காமல் இறங்கிப் போனான்.

அன்றிரவு ஜெகதீஸ்வரி சோற்றுக் கோப்பையோடு பக்கத்தில் வந்து இருந்தாள். "அடிக்க முதல் சொன்னனீங்கள்தானே, அப்பா?"

"சொன்னனான்."

மூன்றாம் நாள் நிலாம் வந்து டிஸ்க்கைப் பூட்டினான். புது விண்டோஸ் பிழையில்லாமல் எழும்பியது. அழிந்ததைத் தோண்டி எடுக்கிற புரோகிராம் ஒன்றை விடிய விடிய ஓடவிட்டதாகச் சொன்னான். கொஞ்சம் வந்தது. மகன் வந்தான், மருமகள் வந்தாள், முற்றத்தில் போட்ட பந்தலின் கீத்து வந்தது. குழந்தை தனியாக இருந்த படம் ஒன்றுதான். மற்றதிலெல்லாம் அது துணிக்குள் ஒரு பொட்டலம். அந்த ஒன்றில் சுருண்ட மயிரும் நெற்றியில் வைத்த கறுத்தப் பொட்டும் தெளிவாக இருந்தன. புருவத்துக்குக் கீழே முழுக்கச் சாம்பல் நிறம், சீமெந்து பூசினதுபோல.

"அதுக்கு மேல புது விண்டோஸ் எழுதிட்டு," என்றான் நிலாம் தாழ்ந்த குரலில், சண்முகலிங்கத்துக்கு மட்டும். கூலியை வாங்கினான். பிளேன்டீ வேண்டாம் என்றான்.

அவன் போனபிறகு இரத்தினம்மா திரையில் விரலை வைத்து, சாம்பல் தொடங்குகிற இடத்தைத் தடவினாள். கிளிநொச்சியில் ஷெல் விழுகிறதென்று ரேடியோ தினமும் சொல்லிக்கொண்டிருந்த மாதம் அது. அங்கிருந்து ஒரு குரலும் வருவதில்லை.

"கண் ஆரைப்போல எண்டு மறந்துபோச்சு," என்றாள். "உங்களைப்போல எண்டுதான் நினைக்கிறன். புது டிஸ்க் வாங்குவம் எண்டு வைரஸ் ஏறின அண்டைக்கே ஜெகா சொன்னவள். நான்தான் காசு சிலவு எண்டு மறிச்சனான். என்ர கையால கெடுத்துப்போட்டன்."

"டிஸ்க் இல்லையடி," என்று சொல்ல வந்தார் சண்முகலிங்கம். அவள் மீன் வெட்டப் போய்விட்டாள். கத்தி பலகையில் விழுகிற சத்தம் கேட்டது.

அவர் திரைக்கு முன்னால் அப்படியே இருந்தார். அவளுக்கு அவர் உண்மை கடன்: டிஸ்க்கில் பழுதில்லை, அவள் கையில் பிழையில்லை, கேட்டபோது ஒன்றும் இல்லை என்று சொன்னது அவருடைய வாய். அந்தக் கடனை அன்றைக்கும் அவர் கொடுக்கவில்லை.