மூட்டையால் கட்டிய மின்சார ரயில்

என் வீட்டுக்காரர் சாந்திராஜுக்கு மெட்ராஸில் மின்சார ரயில்பெட்டிக்குப் படம் வரைகிற உத்தியோகம். கல்யாணமாகி ஏழு மாதம். அவர் அங்கே, நான் செஞ்சியில். அவர் வரைந்த புதுப் பெட்டியை மேலதிகாரி ஒப்புக்கொண்டால் வேலை நிரந்தரம், குடியிருக்க வீடும் உண்டு. எனக்கு வேறென்ன வேண்டும்!

அந்த மேலதிகாரியோ, "சீட்டைக் குறைச்சா எப்படிய்யா ஜனம் அதிகம் ஏறும்? நிரூபிச்சுக் காட்டு" என்று விரட்டிவிட்டார்.

லீவில் வந்தவர், மாமனார் அஜிததாஸின் மல்லாட்டைக் கிடங்கில் வேர்க்கடலை மூட்டைகளை அடுக்கிப் பாதிப் பெட்டி கட்டினார். சுவரோரம் மட்டும் இருக்கை, நடுவில் நிற்க இடம், இரண்டு அகல வாசல். எங்கள் ஜைனத் தெருவே திரண்டு வந்தது. தொண்ணூற்றொரு பேர் ஏறினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"ஸ்டேஷன் வந்துடுச்சி, எறங்குங்க!" என்று அவர் கத்தினார்.

யார் இறங்கினார்கள்? "நீங்க போங்க மாமா", "அட, நீ போ மாப்ள" என்று வாசலில் ஒரே உபசாரம். கடிகாரமும் கையுமாக நின்ற எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"மெட்ராஸ்ல இப்பிடி மரியாத பாத்தா, பின்னால வர்ற ரயிலும் நின்னுபூடும்!" என்று அவர் தலையிலடித்துக்கொண்டு எல்லாரையும் மறுபடி ஏற்றினார்.

அதற்குள் பொழுது சாயத் தொடங்கியது. சூரியன் மறைந்தபின் நாங்கள் ஒரு பருக்கை தொடமாட்டோம். "ஐயோ, சோறு!" என்று உள்ளே யாரோ அலறினார்கள். அவ்வளவுதான், பதினெட்டே விநாடியில் பெட்டி காலி!

மறுநாள் அதே நேரத்துக்குப் பழைய மாதிரிப் பெட்டி. குறுக்கே வரிசையாக இருக்கை, ஒரே குறுகிய வாசல். அறுபத்திரண்டு பேருக்கே மூச்சுமுட்டியது. மாமனார் முதல் ஆளாக ஏறி, மூலை இருக்கையைப் பிடித்துச் சாய்ந்துகொண்டார்.

சூரியன் இறங்கத் தொடங்கியதும் எல்லாரும் எழுந்தார்கள். முழங்காலோடு முழங்கால் இடித்தது. வாசலில் இருவர் சேர்ந்து சிக்கிக்கொண்டார்கள். மாமனார் வெளியே வந்தபோது சூரியன் இல்லை.

"இன்னாடா பொட்டி இது! ஒக்காந்தவன் எழுந்திருக்க முடியல, நின்னவன் நவுர முடியல. எழுதுடா, அஜிததாஸ் பட்டினின்னு எழுது!"

மகன் கணக்கோடு அதையும் அப்படியே எழுதி மேலதிகாரிக்கு அனுப்பிவிட்டார்.

பதினைந்தாம் நாள் பதில் வந்தது. படத்துக்குச் சம்மதம், வேலை நிரந்தரம், வீடு தயார். அடியில் அதிகாரி தம் கையாலேயே ஒரு வரி சேர்த்திருந்தார்: "தங்கள் தகப்பனாரைச் சாப்பிடச் சொல்லவும்."

மாமனார் அந்த வரியை முறைத்துக்கொண்டே நின்றார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடித் துணிகளை எடுத்துவைக்க ஆரம்பித்தேன்.