முப்பத்திரண்டிலிருந்து நாற்பத்துநாலுக்கு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷத்துக்கு முந்தி என்னிடம் இருந்தது முப்பத்திரண்டு காலிபர் ரிவால்வர், சின்னக் குண்டு போடுவது. கோம்பைக்கு மேலே, மலையில் ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில் நான் கணக்கப்பிள்ளை. கூலியாட்களின் சம்பளத்தை மலைக்குக் கொண்டுபோகிறவன் வெறுங்கையோடு போகக்கூடாது என்று சர்க்கார் லைசென்ஸ் கொடுத்திருந்தது. அந்தப் பாதையில் ஒரு திருடனும் என்னை மறித்ததில்லை. அதற்குக் காரணம் ரிவால்வர் என்று நான் சொல்லிக்கொள்வேன். முன்னால் ஓடிய செவலைதான் காரணம் என்பாள் என் மனைவி மாயக்காள்.

செவலை எங்கள் கோம்பை நாய். ஐப்பசி மழையில், வயதாகி, அடுப்படி ஓரத்தில் படுத்தபடியே போய்விட்டது. மாயக்காள் சத்தம் போட்டு அழவில்லை. ஆனால் தினமும் பொழுது சாய்ந்ததும் கொல்லைக் கல்லில் ஒரு கைப்பிடி மோர்ச்சோறு வைப்பாள். கேட்டால், "காக்காய்க்கு வைக்கிறேன்" என்பாள். காக்கைகளெல்லாம் கூடு அடைந்த பிறகு அவற்றுக்குச் சோறு வைத்த பெண்ணை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அவளுக்கு ஒரு குட்டி வேண்டும். நல்ல கோம்பைக் குட்டி, ஊரில் நாய் வளர்க்கிற ஒச்சாண்டியிடம்தான் கிடைக்கும். அவரோ விற்க மாட்டார். வருஷா வருஷம் பொங்கலை ஒட்டி வருகிற கரிநாளன்று கண்மாய்க்குள் நடக்கிற சுடுபோட்டிக்கு ஒரே ஒரு குட்டியைப் பரிசாக வைப்பார். எனக்கு வெட்கம் குறைவு என்பதால் வீட்டுக்கே போய் வாய்விட்டுக் கேட்டேன்.

"ஏன் கணக்கப்பிள்ளை, உங்க கையில இருக்கிறது துப்பாக்கியா, பாக்குவெட்டியா?" என்றார் ஒச்சாண்டி.

"லைசென்ஸ் வாங்குன துப்பாக்கிண்ணே."

"போன வருசம் பார்த்தேன்ல. டப்புன்னுச்சு. யாரோ கொட்டாவி விட்டாகன்னு திரும்பிப் பார்த்தேன். என் குட்டி வெடிச் சத்தம் கேட்டு வளரணும். பெருசா ஒண்ணு கொண்டுவந்து ஜெயிங்க, தூக்கிட்டுப் போங்க."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்தப் போட்டியில் தொங்கவிட்ட பூசணிக்காய் உடைந்து சிதற வேண்டும். போன வருஷம் என் குண்டு அதில் இட்டிருந்த குங்குமப் பொட்டின் நடுவிலேயே பாய்ந்தது. ஆனால் பூசணிக்காய் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. பட்டதா படவில்லையா என்று கூட்டத்தில் வாக்குவாதமே நடந்தது.

ஆகவே பெரிதுக்கு மாறினேன். சீமைக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு தேயிலைத் துரையிடம் நாற்பத்துநாலு ரிவால்வர் ஒன்று இருந்தது. உத்தமபாளையம் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்து லைசென்ஸை மாற்றிக்கொண்டு, அதை வாங்கத் துரை முன்னால் போய் நின்றேன். துரை என் மணிக்கட்டைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், கை குலுக்கினார். குலுக்கிய பிறகு கொஞ்சம் கவலையாகத் தெரிந்தார்.

கொல்லையில் மண்மேட்டைப் பார்த்து முதல் வெடி வைத்தேன். கை தோளுக்கு மேலே போனது, தலைப்பாகை பின்னால் போனது, குண்டு எங்கே போனதென்று இன்றுவரை தகவல் இல்லை. பக்கத்து வீட்டுச் சந்தனம்மாள் வேலிக்கு மேல் தலையை நீட்டினாள்.

"ஏடி மாயக்கா, உன் வீட்டுக்காரர் யாரைடி சுடுறாக?"

"பூசணிக்காயத்தான் மதினி."

"அப்ப மத்தவுகதான் சூதானமா இருக்கணும்."

ஒரு வாரம் பார்த்துவிட்டு மாயக்காள் சொன்னாள்: "வெடிக்கிறதுக்கு முந்தியே நீங்க கண்ணை மூடிக்கிறீக."

"அதெல்லாம் இல்லை."

"சரி, நாளைக்கு நான் தோட்டா போட்டுத் தாரேன்."

மறுநாள் அவள் நிரப்பிக் கொடுத்த ரிவால்வரை நீட்டி, மூச்சடக்கி, விசையை இழுத்தேன். 'டிக்' என்றது, அவ்வளவுதான். அந்தத் தோட்டா அறையில் அவள் போட்டிருந்தது ஏற்கெனவே சுட்ட வெறும் கூடு. ஆனால் என் கை ஒரு சாண் துள்ளியிருந்தது, கண் இரண்டும் இறுக மூடியிருந்தது.

"வெடிக்காததுக்கே இந்தக் குதி குதிக்கிறீகளே!" என்று தரையில் உட்கார்ந்து சிரித்தாள். செவலை போனபிறகு அவள் சிரித்தது அன்றுதான். அதனால் அடுத்த சில நாட்கள், கை ஓரளவு படிந்த பிறகும், வேண்டுமென்றே குதித்தேன்.

இன்றைக்கும் எங்காவது வெடிமருந்து வாசனை வந்தால் எனக்கு அந்த மாலைப் பொழுதுகள்தான் நினைவுக்கு வருகின்றன. மடியில் தோட்டாவும் வெறும் கூடும் கலந்து கிடக்க, முந்தானையால் மறைத்துக்கொண்டு நிரப்பி, ஒன்றும் தெரியாத முகத்தோடு நீட்டுவாள். சுடுவது என் வேலை, என் முகத்தைப் பார்ப்பது அவள் வேலை. தை பிறப்பதற்குள் கை அடங்கியது. எங்கள் வீட்டுப் பூசணிக்காய்கள் ஒவ்வொன்றாகச் சிதறின. பொங்கலுக்குக் கூட்டு வைக்க, கடைசியில் சந்தனம்மாளிடம்தான் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

கரிநாள் காலையில் போட்டிக்காரர்கள் துப்பாக்கிகளைக் கருப்பசாமி முன்னால் வைப்பது வழக்கம். பூசாரி ஒவ்வொன்றுக்கும் மிளகளவு சந்தனம் வைத்துக்கொண்டே வந்தார். எனக்கு அது போதாது என்று பட்டது. குட்டிக்காக எத்தனை பாடுபட்டிருக்கிறேன்!

"நல்லாத் தாராளமா வைங்க பூசாரி" என்றேன்.

தாராளமாகவே வைத்தார். நாலு விரலாலும் அள்ளி, தோட்டா சுழலும் உருளை முழுக்கப் பூசி, குங்குமமும் அப்பினார். கும்பிட்டு வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

என் முறை வரும்போது உச்சி வெயில். ஒச்சாண்டி ஒரு முளையில் குட்டியைக் கட்டியிருந்தார். புளியமரத்தடியில் பெண்களோடு நின்ற மாயக்காள் போட்டியைப் பார்க்கவில்லை, குட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கையை நீட்டினேன். கண் மூடவில்லை, கை ஆடவில்லை. விசையை இழுத்தேன், அதுவும் ஆடவில்லை.

சந்தனம் காய்ந்து, உருளை சுண்ணாம்புக் காரை பூசியதுபோல் இறுகியிருந்தது. இரண்டு கையாலும் இழுத்தேன். நகத்தால் சுரண்டினேன்.

"என்ன கணக்கப்பிள்ளை, கருப்பன் உள்ளயே உக்காந்துட்டானா?" என்று ஒரு குரல்.

"பொறுங்கப்பா, அபிசேகம் முடியட்டும்" என்று இன்னொன்று.

ஒச்சாண்டி கையை அசைத்து என்னை விலகச் சொன்னார். மரத்தடிப் பக்கம் தலையைத் திருப்ப எனக்குத் தெம்பு வரவில்லை.

எனக்குப் பின்னால் வந்தவர் தேனியில் கமிஷன் கடை வைத்திருந்த ஆதித்தன். நாட்டு வெடிமருந்தைக் குழாய்க்குள் கிட்டித்துச் சுடுகிற நீளத் துப்பாக்கி அவருடையது. அவர் சுட்டதில் பூசணிக்காய் இருந்த இடத்தில் கயிறு மட்டும் ஆடியது. கண்மாயே அதிர்ந்தது. கைதட்டல் ஓய்ந்து, பரிசைக் கொடுக்க ஒச்சாண்டி திரும்பினார். முளையில் கயிறுதான் இருந்தது.

குட்டி புளியமரத்தடியில் இருந்தது. மாயக்காளின் சேலை மடிப்புக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு நடுங்கியது. வால் மட்டும் வெளியே.

ஒச்சாண்டியின் முகம் செத்துவிட்டது. "வெடிக்குப் பயந்ததைப் பரிசாக் குடுத்தான் ஒச்சாண்டின்னு ஊரு பேசும். உங்களுக்கு அடுத்த ஈத்துல தலைக்குட்டி" என்றார் ஆதித்தனிடம். ஆதித்தன் பெருந்தன்மையாகத் தலையசைத்தார்.

"இதை ஆடு மேய்க்கிற கீதாரி யாருக்காச்சும் தள்ளிவிட வேண்டியதுதான்" என்று ஒச்சாண்டி குனிந்தார். மாயக்காள் நகரவில்லை.

"எங்கிட்ட விடுங்கண்ணே."

"இது பயந்தாங்கொள்ளி, தாயி. துப்பாக்கி இருக்கிற வீட்டுக்கு ஆகாது."

"அதனால என்னண்ணே? எங்க வீட்டுல துப்பாக்கி வச்சிருக்கிறவுகளும் அப்படித்தான். சோறு போட்டு வச்சுக்கிறேன்ல?"

கண்மாய் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். மறுத்துப் பேச என்னிடம் ஒரு சான்றும் இல்லை. ஒச்சாண்டி சிரிக்காமல் அவளையும் குட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முளையில் கிடந்த கயிற்றை அவிழ்த்து அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்குக் கிளம்பினோம். குட்டி அவள் இடுப்பில். நான் பக்கத்தில் போனதும் என் இடுப்புப் பக்கம் மோந்து பார்த்து மறுபடி நடுங்கியது.

"அந்தச் சனியனத் தூக்கிக்கிட்டு முன்னால போங்க" என்றாள். "இன்னும் தள்ளி."

வரப்பில் நான் தனியாக முன்னே நடந்தேன். பின்னால் அவள் குட்டியிடம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். என்ன பேசுகிறாள் என்று கேட்க ஆசையாக இருந்தது. நடையைக் கொஞ்சம் தளர்த்தினேன்.

"ஏங்க, தள்ளிப் போங்கன்னேன்ல!"

போனேன்.