ஞாயிற்றுக்கிழமைச் சாமிகள்

ஊரைவிட்டுப் போகிறவர்கள் பெட்டியில் சட்டைக்கு இடம் இருக்கும், செருப்புக்கு இருக்கும், ஊறுகாய்க்குக்கூட இருக்கும். சாமிக்குத்தான் இருக்காது. "ராதாமணி நல்லாப் பாத்துக்குவா" என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான், போட்டாதாங் என்ற பர்மியப் பேட்டையில் ஒரு மாடியில் இருக்கும் அவளுடைய ஒற்றை அறைக்கு இன்னொரு பித்தளைச் சாமி வந்து சேர்ந்துவிடும். பிள்ளையார், லட்சுமி, வேணுகோபாலன், மாரியம்மன் என்று அலமாரி பிதுங்கியது. எல்லாம் "ஆறு மாசத்துல வந்து எடுத்துக்கிறோம்க்கா" என்று விட்டுப் போனவை. யார் வந்தார்கள்? ஒருத்தரும் வரவில்லை.

ராதாமணிக்கு ஊர்க்கோடியில் இருக்கும் ஷ்வேப்யிதாவில் தையல் பேக்டரி வேலை. போக வர பஸ்ஸிலேயே பாதி உயிர் போய்விடும். மற்றவர்கள் வெள்ளிக்கிழமை சாமி துலக்குவார்கள், அவளுக்கு ஞாயிறு. கரண்ட் இல்லாவிட்டால் மோட்டார் ஓடாது, குழாயில் தண்ணீர் வராது. கீழேயிருந்து வாளி வாளியாகச் சுமந்து, புளி கரைத்து, மழைக்காலத்தில் பிடிக்கும் பச்சைக் களிம்பு போகச் செங்கல் தூளும் போட்டுத் தேய்க்க வேண்டும். கழுவிய கையோடு ஈரம் ஒற்றாவிட்டால் மறுநாளே புள்ளி விழும். ஊசி குத்திய விரலில் புளி படுகிற எரிச்சல் இருக்கிறதே, அப்பப்பா!

அடுத்தவர் சாமிக்குத்தான் முதல் குளியல். அவளுக்கென்று இருந்தது ஒரே ஒரு முருகன், செத்துப்போன புருஷன் செல்லையா வாங்கிக் கொடுத்தது. அவனும், படகுத்துறையில் கூட வேலை பார்த்த சபாபதியும் ஒரே கடையில் ஒரே அச்சில் ஆளுக்கொன்று வாங்கினார்கள். சபாபதி குடும்பம் மலேசியா போனபோது அந்த முருகனும் இவளிடமே வந்தான். அவன் வாராவாரம் பளபளத்தான். அவளுடையவன் முறை வருவதற்குள் தோள் கழன்றுவிடும். "அடுத்த வாரம்டா ராசா. நீ வீட்டுப் பிள்ளைதானே, கோவிச்சுக்காதே" என்பாள். வருஷக்கணக்கில் அடுத்த வாரம். அவன் அடுப்புக்கரியாய்க் கறுத்துப் போனான். ஆனாலும் செல்லையாவிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் அந்தக் கறுப்பனிடம்தான் சொல்லுவாள். அவன் இல்லாவிட்டால் அவளுக்குப் பேச ஆளில்லை.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை சபாபதியின் மகள் சாந்தகுமாரி வந்து நின்றாள். "அப்பா படுத்த படுக்கை, அத்தை. முருகன் மூஞ்சியைப் பாக்கணும்னு ஒரே புலம்பல். சாயங்காலமே எனக்கு பிளேன்."

அட, ஒருத்தி வந்தேவிட்டாள்! ஒரு சாமி குறையும்! ராதாமணிக்குத் தலைகால் புரியவில்லை. பளபளப்பானவனை எடுத்து நீட்டினாள். சாந்தகுமாரி சன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"இது எங்களுது இல்லையே அத்தை. மூஞ்சியே இல்லை."

ராதாமணியும் அப்போதுதான் பார்த்தாள். கண் இல்லை, மூக்கு இல்லை, அந்தச் சிரிப்பு இல்லை. கூழாங்கல் மாதிரி மழமழவென்று இருந்தது. அத்தனையும் அவள் கையும் செங்கல் தூளும் தின்றது.

சாந்தகுமாரி அதற்குள் மூலையில் இருந்த கறுப்பனை எடுத்துவிட்டாள். வார்த்த அன்றைக்கு இருந்தபடி கண்ணும் மூக்கும். "இதோ இவர்தான்! பாவம், இவரை மட்டும் நீங்க கழுவவே இல்லை போல."

ராதாமணிக்குச் சுள்ளென்று ஏறியது. அடிப்பாவி, உங்க முருகனைத் தேய்த்துத் தேய்த்துத்தானடி என் தோள் போச்சு! 'வைடீ, அது என்னுது' என்று நுனிநாக்குவரை வந்துவிட்டது. ஆனால் படுக்கையில் கிடக்கிற மனுஷன் கேட்டது மூஞ்சியை. அதைத் தேய்த்துத் தீர்த்தவளே அவள். வேறு எந்த மூஞ்சியைக் கொடுப்பாள்?

"கொண்டு போம்மா" என்றாள்.

சாந்தகுமாரி துண்டில் சுற்றிக்கொண்டு படியிறங்கினாள். "போனதும் புளி போட்டுப் பளபளன்னு தேச்சிடறேன், அத்தை!"

ராதாமணி பதறிப்போய் ஓடி அவள் கையைப் பிடித்தாள். "வேண்டாண்டி! ஈரத்துணியால துடை, காஞ்ச துணியால ஒத்து, அது போதும். தேய்க்காதே. கறுப்பாவே இருக்கட்டும்."

மேலே வந்தால் புளித் தண்ணீர் அப்படியே காத்துக்கொண்டிருந்தது. மூஞ்சியில்லாத முருகனை எடுத்துக் காலியான மூலையில் வைத்தாள்.

"இனிமே நீதாண்டா வீட்டுப் பிள்ளை" என்றாள். "உனக்கு அடுத்த வாரம்."