கொட்டலசின் சொரணை

பெயின்டரின் மனைவி திட்டிய முதல் நாளன்று கப்பலின் அடியில் ஒட்டி வளர்ந்து, அன்று உதிர்ந்த கொட்டலசுச் சிப்பி நானூற்றுப் பதினெட்டுக் கிலோ. ஈரத்தோடு எடைபோட்டதால் நாலைந்து கிலோ முன்னே பின்னே இருக்கலாம் என்று எடைக்காரர் சொன்னார். அவள் கப்பலைத் திட்ட வரவில்லை. கணவனை அடக்கம் செய்த மறுநாள், கப்பல் பட்டறை மேனேஜரைத் திட்ட வந்தாள். அவர் வெயிலுக்குப் பயந்து, கரையேற்றியிருந்த கப்பலின் நிழலில் நின்றிருந்தார். "பதினாறு வருஷம் உங்க விஷப் பெயின்டை அடிச்சு அடிச்சே நெஞ்சு வெந்து செத்தாரு. காய்ச்சல்னு எழுதிக் குடுத்திருக்கீங்களே, இதெல்லாம் ஒரு பொழைப்பா?" என்று கேட்டாள். உளிக்கும் சுத்தியலுக்கும் அசையாத சிப்பிகள், செத்தாலும் ஒட்டிய இடத்தை விடாதவை, பொலபொலவென்று கொட்டின. மேனேஜர் தலையில் விழுந்ததைத் தட்டிவிட்டு மணி பார்த்தார். கொட்டலசுக்கு இருந்த சூடு சொரணை அவருக்கு இல்லை.

பட்டறைக்காரர்கள் விவரமானவர்கள். அடுத்த வாரமே அவளை வேலைக்குக் கூப்பிட்டார்கள். "பெயின்ட்தான் அவரைக் கொன்னுச்சுன்னு உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க. அப்புறம் நான் ஏன் வாயைத் திறக்கப்போறேன்?" என்றாள். மேனேஜர் சொல்லவில்லை. அவள் வாயை மூடிவிட்டால் கப்பலைச் சுத்தம் செய்வது யார்? தினம் அந்த முகத்துக்கு நேரே கேட்கலாமே என்று அவளும் வேலைக்குச் சம்மதித்தாள். காலை ஒன்பது மணிக்கு அவர் குடையோடு கப்பலடியில் வந்து நிற்பார், அவள் ஆரம்பிப்பாள். அவள் குரலைப் பதிவுசெய்து ஒலிபெருக்கியில் போட்டுப் பார்த்தார்கள். வாய்த்துடுக்குக்குப் பேர்போன நாலு பெண்களைக் கூலிக்குக் கூட்டிவந்தார்கள். ஒரு சிப்பிகூட அசைந்து கொடுக்கவில்லை. வயிறெரிந்து திட்டினால்தான் அதற்கு உறைத்தது. கொட்டலசு ஒட்டாமலிருக்க அடித்துவந்த விஷப் பெயின்ட், டிரம் டிரம்மாகக் கிடங்குக்குப் போனது. மூன்றாம் வருஷம் நண்டுகள் திரும்பி வந்தன, தொழிலாளிகளின் இருமல் அடங்கியது. கடலுக்குக் கெடுதல் செய்யாத முறை என்று பட்டறைக்கு விருது கொடுத்தார்கள். மேடையேறி வாங்கிக்கொண்டவர் மேனேஜர்.

ஏழாம் வருஷம் அவர் மனைவி இறந்தாள். துக்கத்தில் இருந்த மனுஷன், "ஒருவேளை பெயின்ட்டும் ஒரு காரணமா இருந்திருக்கலாம்மா" என்று சொல்லிவிட்டார். அவள் நெஞ்சிலிருந்து பாரம் பாதி இறங்கியது. அன்றைக்குத் தொண்டை கிழியக் கத்தியும் ஒன்றும் உதிரவில்லை. மத்தியானமே டிரம்களை உருட்டி வந்தார்கள். கல்யாணமாகி மூன்று மாதமே ஆன புதுப் பெயின்டர் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டான். அதைப் பார்த்தபடியே அவள் நின்றாள். மேனேஜர் ஓடிவந்து, "அது சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது, மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருநூற்று அறுபது கிலோ. டிரம்கள் கிடங்குக்குத் திரும்பின.

இருபத்தோராம் வருஷம் மேனேஜர் படுக்கையில் விழுந்தார். ஆஸ்பத்திரிக்கு அவளை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். "அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிட்டுப் போயிடறேன்மா. உங்க வீட்டுக்காரரை..." என்று ஆரம்பித்தவரின் வாயை அவள் கையால் பொத்தினாள். இருபத்தோரு வருஷமாகக் காத்திருந்த வார்த்தை, உள்ளங்கையில் சூடாக முட்டியது. அவளுக்கு அழுகை வந்தது.

"சொல்லாதீங்க. சொல்லிட்டா என் கோபம் போயிடும், நாளைக்கே டிரம்மைத் திறந்துடுவாங்க. அந்தப் பெயின்டருக்கு ரெண்டு புள்ளைங்க. செஞ்ச பாவத்தோடயே போய்ச் சேருங்க."

அவர் வியாழக்கிழமை இறந்தார். வெள்ளிக்கிழமை அவருடைய ஆபீஸ் நாற்காலியைக் கப்பலடியில் போட்டு, அதற்கு மேலே குடையையும் கட்டி வைத்தார்கள். அவள் ஒன்பது மணிக்கு வந்து, நாற்காலியைப் பார்த்து ஆரம்பித்தாள். முந்நூற்றுப் பத்துக் கிலோ உதிர்ந்தது. இந்தமுறை ஈரம் வடிய விட்டுத்தான் எடைபோட்டார்கள்.