வெள்ளைப் பக்கம் வெளியே

அண்ணியின் கையில் அகப்பட்ட எதுவும் குப்பைக்குப் போகாது. காலி பாட்டிலுக்குச் சணல் கயிறு சுற்றினால் பூச்சாடி. ஐஸ் குச்சிகளை அடுக்கி ஒட்டினால் சாவி மாட்டும் பலகை. கிழிந்த புடவையைப் பின்னினால் கால்மிதி. வீட்டுக்கு வந்தவர்கள் எங்கே வாங்கியது என்று கேட்க வாய் திறப்பதற்குள், ஒரு காசு செலவில்லை, எல்லாம் வீட்டில் கிடந்தது என்று அவளே சொல்லிவிடுவாள். இந்த அடுக்குமாடிக்குக் குடிவந்த சில மாதங்களிலேயே சனிக்கிழமைகளில் கட்டடத்துப் பெண்கள் அவள் கூடத்தில் வட்டமாக உட்கார்ந்து கைவேலை பழக ஆரம்பித்திருந்தார்கள். அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் அவள் வாரம் முழுவதும் காத்திருந்தாள்.

அவளுடைய நாத்தனாரைக் கட்டடத்தில் எல்லோரும் குட்டி என்றார்கள். அண்ணன் கூப்பிடுவதைக் கேட்டு ஒட்டிக்கொண்ட பெயர். முழுப்பெயர் தெரிந்தவள் மேல்மாடி நர்ஸம்மா ஒருத்திதான். காய்ச்சலென்று ஆஸ்பத்திரிக்குப் போன அன்று, சீட்டில் அந்தப் பெயரை எழுதியவள் அவள். குட்டி மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்தும் வேலை பார்த்தாள். வேலையும் அமைதி, ஆளும் அமைதி.

அவள் கட்டிலுக்கு அடியில் இரண்டு அட்டைப்பெட்டிகள் இருந்தன. இரண்டிலும் அவளுடைய கல்யாணப் பத்திரிகைகள். அச்சகத்திலிருந்து அவை வந்த சாயங்காலமே மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வந்தது. வேண்டாம் என்றார்கள், காரணம் சொல்லவில்லை. காரணம் சொல்லாததால் ஊரே ஆளுக்கொரு காரணம் சொன்னது. அண்ணனுக்கு வேலை மாற்றல் வந்து இங்கே கிளம்பியபோது குட்டி அண்ணியிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: புது இடத்தில் யாருக்கும் இது தெரிய வேண்டாம். அண்ணி அவள் தலையைத் தடவி, என் வாயிலிருந்து வராது என்றாள். சொன்னபோது மனதாரத்தான் சொன்னாள்.

ஒரு நாள் வீடு பெருக்கும்போது பெட்டிகள் அண்ணியின் கண்ணில் பட்டன. ஒரு பத்திரிகையை எடுத்து விரலால் சுண்டிப் பார்த்தாள்.

"எவ்வளவு கெட்டி அட்டை. கடையில கேட்டா கொள்ளை விலை சொல்லுவான்."

"எரிச்சிடலாம் அண்ணி."

"எரிக்கிறதா? இதுல எத்தனை பூ செய்யலாம் தெரியுமா? அச்சடிச்ச பக்கத்தை உள்ளே வச்சு, வெள்ளைப் பக்கம் வெளியே வர்ற மாதிரி சுருட்டி ஒட்டிட்டா யாருக்குத் தெரியப்போவுது? வெட்டுறதுக்கு உன் கை மாதிரி எனக்கு வராது."

குட்டி அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் பேப்பரைப் புரட்டினான். அண்ணன் வீட்டில் அண்ணி கைச் சோற்றைத் தின்பவள் எல்லாவற்றுக்கும் மாட்டேன் என்று சொல்லிவிட முடியாது. அவள் கத்தரிக்கோலை எடுத்தாள்.

பத்துப் பத்தாக அடுக்கி, ஒரே அளவில், இதழ் இதழாக வெட்டினாள். பெயர்கள் எதுவும் முழுசாக நிற்காதபடி வேண்டுமென்றே குறுக்கே வெட்டினாள். மணமகன் பெயரில் பாதி ஒரு குவியலுக்கும் மீதி இன்னொரு குவியலுக்கும் போனது. தன் பெயர் மட்டும் எப்படி வெட்டினாலும் ஒரே இதழில் விழுந்தது. அந்த இதழ்களைத் தனியே ஒதுக்கினாள். அவற்றைக் கடைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட எண்ணிக் கைப்பையில் திணித்துக்கொண்டிருந்தபோது அண்ணி கடைசிப் பிடியைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். ஒரு பூவுக்கு ஆகுமே, ஏன் வீணாக்குகிறாய் என்று கேட்டாள்.

ஒவ்வொரு குவியலும் ஒவ்வொரு பூவானது. பென்சிலில் சுருட்டிய இதழ்களை வட்ட அட்டையில் அடுக்கடுக்காக ஒட்டினாள் அண்ணி. கடைப் பசை எதற்குத் தண்டம் என்று மைதா மாவைக் காய்ச்சிக்கொண்டாள். சுவரில் மாட்டியபோது உண்மையிலேயே அழகாக இருந்தது. இதழ் ஓரங்களில் தங்கக் கோடு மினுங்கியது. பெண்கள் கேட்காமலே ஆளுக்கொன்று கொடுத்தாள். அச்சகத்தில் கழித்துப்போட்ட அட்டை என்று சொல்லி வைத்தாள். குட்டியின் கையிலிருந்து வாங்கிய அந்தக் கடைசிப் பிடி இதழில் செய்த பூ நர்ஸம்மாவுக்குப் போனது.

குட்டி படியேறும்போதெல்லாம் திறந்திருந்த கதவுகளுக்குள் அந்தப் பூக்களைப் பார்த்தாள். ஒருவருக்கும் வைக்காத பத்திரிகை இப்போது வீடு வீடாகத் தொங்கியது. அவள் தலையைக் குனிந்துகொண்டு ஏறினாள். யாருக்கும் தெரியாது என்ற ஒன்று இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. நாட்கணக்கில் விடாமல் பெய்தது. துணி காயவில்லை, சுவர்கள் வியர்த்தன, மைதாப் பசை இளகியது. ஒரு வீட்டில் இதழ் விரிந்து உள்பக்கம் காட்டியது. அடுத்த வீட்டில் கழன்று தரையில் விழுந்தது. மூன்றாம் மாடியில் ரேடியோ என்று பெயரெடுத்த ஒரு பெண்மணி இருந்தாள். விழுந்த இதழை அவள்தான் முதலில் திருப்பிப் படித்தாள். தன் வீட்டில் 'இன்னார் மகன்' இருக்கிறது, உங்கள் வீட்டில் என்ன இருக்கிறது என்று கதவு கதவாகக் கேட்டுக்கொண்டு இறங்கினாள். கட்டடத்துக்கு அது ஒரு விளையாட்டாகிவிட்டது.

அந்தச் சனிக்கிழமை அண்ணியின் கூடத்தில் கைவேலை நடக்கவில்லை. எல்லோரும் கழன்ற இதழ்களைக் கொண்டுவந்து தரையில் வைத்து, குறுக்கெழுத்துப் போட்டி போல ஒன்றோடொன்று சேர்த்தார்கள். மணமகன் பெயர் கிடைத்தது, மண்டபம் கிடைத்தது, தேதிகூடக் கிடைத்தது. மணமகள் இடம் மட்டும் ஓட்டையாக இருந்தது. ரேடியோ மூச்சிரைக்க மேல்மாடிக்குப் போய் வந்தாள். நர்ஸம்மா வீட்டுப் பூவில் ஒரு இதழும் கழலவில்லையாம். கொஞ்சம் பிரிச்சுப் பாக்கட்டுமா என்று கேட்டதற்கு, கொடுத்த பொருளைப் பிய்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டாளாம்.

அதோடு அது முடிந்திருக்கும். இதழ்களைக் கூட்டி அள்ளியிருப்பார்கள். அண்ணியும் அதுவரை வாயைத் திறக்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வேலை முடிந்து வந்த குட்டி அப்போது வாசலில் நின்று செருப்பின் வாரைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"போகட்டும் விடுங்க. யாரோ குப்பையில போட்டதை நம்ம அக்கா பொறுக்கிட்டு வந்திருக்காங்க. இதைப் போய் நாம நடு ஹால்ல மாட்டி வச்சிருந்தோம்" என்றாள் ரேடியோ. எல்லோரும் சிரித்தார்கள்.

அண்ணியின் முகம் சிவந்தது. பாட்டிலும் குச்சியும் கால்மிதியும் சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் அவளையே பார்ப்பது போலிருந்தது.

"குப்பை பொறுக்கி வீட்டை அலங்கரிக்கிற நிலைமையில நான் இல்ல. இது எங்க வீட்டுப் பத்திரிகை. காசு கொடுத்து அடிச்சது. நம்ம குட்டியோடது."

எல்லோருமே ஒரே நேரத்தில் கேட்டார்கள். எப்போ, ஏன், யார் வேண்டாமென்றது, பெண்ணிடம் ஏதாவதா? அண்ணி ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் குரலில் பழைய தெம்பு திரும்பியது, புதிய கைவேலை ஒன்றைக் கற்றுத்தருவது போல. பாராட்டுக்கு ஏங்கியவள்தான், கெட்டவள் அல்ல. கடவுள் அந்த ஏக்கத்தை மன்னிக்கலாம். ஆனால் அந்தக் கூடத்தில் மன்னிப்பதற்கு வேறொருத்தி இருந்தாள், அவளை ஒருவரும் கேட்கவில்லை.

ரேடியோதான் வாசலில் அவளைப் பார்த்தாள்.

"வா குட்டி. எங்க எல்லாருக்கும் வீடு தேடிப் பத்திரிகை வச்சுட்டே. சாப்பாடு எப்போ?"

சிலர் சிரித்தார்கள். சிலர் சிரிக்காமல் தரையைப் பார்த்தார்கள். ஆனால் அவர்களும் எழுந்து போகவில்லை. ஒருத்தி கையிலிருந்த இதழை மெதுவாகப் புடவைக்கு அடியில் தள்ளினாள்.

"ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கறே? இன்னிக்கு இல்லன்னா நாளைக்குத் தெரியத்தானே போவுது. வா, உக்காரு, உன் முழுப்பேர் என்னன்னு இவங்களுக்குச் சொல்லு. அந்த இடந்தான் பாக்கி" என்றாள் அண்ணி.

குட்டி கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டாள். படியிறங்கினால் தெரு, தெருவில் மழை. மேலே ஏறினாள். கட்டடத்தில் இன்னும் ஒரு வீட்டுக்குத்தான் இந்தக் கல்யாணக் கதை தெரியாது என்று நினைத்தாள். அங்கே கொஞ்ச நேரம் நின்றால் போதும்.

நர்ஸம்மா இரவு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பாதி பின்னிய தலையோடு கதவைத் திறந்தவள், எதுவும் கேட்காமல் நாற்காலியிலிருந்த துணிகளை எடுத்துக் கட்டிலில் போட்டாள். குட்டி உட்கார்ந்தாள். எதிரே சுவரில் அந்தப் பூ இருந்தது. எல்லா வீட்டுப் பூவும் வாடித் தொங்கும்போது இது மட்டும் கட்டிய கட்டு குலையாமல் இருந்தது.

அவள் எழுந்து கிட்டப் போனாள். நாள் முழுவதும் கண்ணாடியில் நூலிழைக் கீறலைத் தேடும் கண். இதழ்களுக்கு நடுவே காய்ந்த பசை பளபளத்தது. மைதா இப்படிப் பளபளக்காது. ஒவ்வொரு இதழும் பழைய மடிப்புக்கும் மேலே இன்னொரு சுற்று சுருட்டப்பட்டிருந்தது. அடியில் கறுப்பு மசியின் ஒரு புள்ளிகூட வெளியே தெரியவில்லை.

"ஈரத்துல கழண்டுபோச்சு. ஒட்டிட்டேன்" என்றாள் நர்ஸம்மா, பின்னலை முடித்துக்கொண்டே.

"படிச்சீங்களா?"

நர்ஸம்மா இன்னொரு டம்ளரை எடுத்தாள். தன் டீயைப் பாதியாக ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினாள்.

"எப்போ ஒட்டினீங்க?"

"மழை ஆரம்பிச்ச அன்னிக்கே."

குட்டி நினைத்துப் பார்த்தாள். அதற்குப் பிறகு எத்தனையோ காலைகளில் நர்ஸம்மா படியில் ஒதுங்கி வழிவிட்டிருக்கிறாள். கண்ணாடிக் கடையில் இன்றைக்குக் கூட்டமா என்று மட்டும்தான் கேட்டிருக்கிறாள்.

கீழே கூடத்தில் மறுபடி சிரிப்புச் சத்தம் எழுந்தது. யாரோ ஒரு பெயரைச் சொல்லிப் பார்த்தார்கள். அது அவள் பெயர் இல்லை. இன்னொருத்தி இன்னொன்றைச் சொன்னாள். அண்ணி சரியானதைச் சொல்ல அதிக நேரம் ஆகாது. குட்டி டீயை எடுத்துக்கொண்டாள். மறு கையின் நகத்தால் பூவின் ஒரு இதழைத் தூக்கிப் பார்த்தாள். அது அசையவில்லை.