பொறுப்பாளர் என்ற கட்டம்

மார்ச் 9, திங்கள்

இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். சங்க நோட்டீஸில் ஒன்பது வேலைகளுக்கும் எதிரே எங்கள் வீட்டு எண்ணையே போட்டுவிட்டேன்.

நோட்டீஸ் தயாரிக்கச் சொன்னவர் எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஐந்து மாடி, இருபது வீடு. எல்லாருக்கும் அவர் கண்டக்டர் சார்தான். "எல்லாரும் ஏறி உக்காந்துட்டாங்க, வண்டியைத் தள்ள ஒருத்தரும் இறங்க மாட்டேங்கிறாங்க. யார் யார் என்னென்ன உதவி செய்யலாம்னு அழகா ஒரு நோட்டீஸ் போடுங்க செக்ரட்டரி அம்மா" என்றார். நான் செக்ரட்டரி இல்லை. கூட்டக் குறிப்பு எழுதுகிறவள், அவ்வளவுதான்.

'நம் கட்டடத்துக்கு நீங்கள் உதவ ஒன்பது வழிகள்' என்று தலைப்புப் போட்டேன். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது, படிக்கட்டு விளக்குகளைப் பார்ப்பது, தண்ணீர்த் தொட்டி கழுவும்போது கூட நிற்பது, புதிதாகக் குடிவருபவர்களுக்கு விதிமுறைத் தாள் கொடுப்பது, லிஃப்ட் பழுதுபார்க்க ஆள் வந்தால் மோட்டார் அறையைத் திறந்துவிட்டுக் கூடவே இருப்பது, இப்படி. கோடு போட்டு, கடைசிக் கட்டத்துக்கு 'பொறுப்பாளர்' என்று தலைப்பு எழுதி, ஒன்பது வரியிலும் வீட்டு எண்ணை எழுதினேன். கீழே லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். தவறு என்பது அப்போது தெரியவில்லை.

அண்ணிதான் கண்டுபிடித்தார். காய்கறிப் பையோடு மூன்று மாடி ஏறி வந்து மூச்சு வாங்கினார்.

"என்ன இது, ஒன்பது வேலைக்கும் நம்ம வீட்டு நம்பர்? நம்ம வீடு என்ன போலீஸ் ஸ்டேஷனா?"

"இப்போதைக்கு அதெல்லாம் நான்தானே அண்ணி பாக்குறேன். உதவ வர்றவங்க என்கிட்டதானே கேட்கணும்?"

"அப்போ அது நோட்டீஸ் இல்ல. உன் பயோடேட்டா."

அண்ணன் பேப்பருக்குப் பின்னால் சிரித்தான். "விடு, அவளுக்குக் கட்டம் காலியா இருந்தா சோறு இறங்காது."

அது உண்மைதான். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஆர்டர் சீட்டு எழுதுகிறேன். வலது கண், இடது கண், இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி என்று ஒரு சீட்டில் பதினொரு கட்டம். பவர் இல்லாத கண்ணுக்கும் பூஜ்யம் போட்டே ஆக வேண்டும். ஒரு கட்டம் காலியாகப் போனால் கண்ணாடி வெட்டுகிறவர் போன் செய்து, "இந்தக் கண்ணை உங்க வீட்டுக்குக் கொண்டு போயிட்டீங்களா?" என்று கேட்பார். மூன்று வருஷத்தில் என் சீட்டு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்றும் தெரியவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

மதிய இடைவேளையில் எழுதுகிறேன். காலையில் நோட்டீஸுக்குப் பலன் கிடைத்தது.

படியிறங்கும்போது இரண்டாம் மாடி டிரைவர் மாமா நிறுத்தினார். "பாப்பா, நோட்டீஸ் பாத்தேன். ரொம்ப நல்ல காரியம்." எனக்கு மனசு குளிர்ந்தது. எந்த வேலையை எடுத்துக்கொள்ளப் போகிறார் என்று பையிலிருந்து பேனாவையே எடுத்துவிட்டேன். அவர் சொன்னார்: "செடிக்குத் தண்ணி ஊத்துறேன்னு போட்டிருக்கியே, வெள்ளிக்கிழமை நாங்க வெளியூர் போறோம். எங்க பால்கனித் தொட்டிக்கும் ரெண்டு சொம்பு ஊத்திடு. சாவியைச் செருப்பு ஸ்டாண்டுல வெச்சிட்டுப் போறேன்."

"இல்ல மாமா, அது வந்து…"

"நாலு நாள்தான்மா. ரோஜா மட்டும் கொஞ்சம் வாடும்."

சரி என்றேன். ஏன் சரி என்றேன் என்று கடைக்கு நடந்துவரும் வழியெல்லாம் யோசித்தேன். 'இல்லை' என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். காரணத்தைத் தேடுவதற்குள் எதிரில் இருப்பவர் நன்றி சொல்லிவிடுகிறார்.

கட்டடத்துக்கு ஒரே வாசல். அதன் ஓரத்தில் கண்டக்டர் சாரின் நாற்காலி. அந்த வழியாகத்தான் வேலைக்குப் போக வேண்டும், அந்த வழியாகத்தான் திரும்ப வேண்டும். இன்றும் கூப்பிட்டார்.

"லிஃப்ட் கம்பெனிக்காரங்க வியாழக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு வர்றாங்கம்மா. நீங்க மோட்டார் ரூம் சாவியோட மேல இருந்துடுங்க. இந்த ட்ரிப்பை விட்டா அடுத்தது ரெண்டு வாரம் கழிச்சுத்தான்."

"வியாழக்கிழமை எனக்கு வகுப்பு இருக்கு சார்."

"ஒரு நாள்தானே? அஞ்சாம் மாடில தையல்கார அம்மா பாவம், மூட்டு ஆபரேஷன் பண்ணிட்டு உக்காந்திருக்கு. சனிக்கிழமை ஆஸ்பத்திரி போகணுமாம். லிஃப்ட் ஓடலைன்னா தூக்கிட்டா இறங்குறது?"

அதற்கு மேல் என்ன பேசுவது? லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்று நின்று ஓடியதால் பத்து நாளாக அதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இன்னும் இரண்டு வாரம் என்றால் தையல்கார அக்கா எப்படி இறங்குவார்?

செவ்வாய், இரவுச் சாப்பாட்டுக்கு முன்

வகுப்புக்குப் போய் வந்தேன். கட்டட வரைபட வகுப்பு, செவ்வாயும் வியாழனும் ஆறரை முதல் எட்டரை வரை. இன்று படிக்கட்டின் வெட்டுத்தோற்றம் வரைந்தோம். என் படிகளில் ஒன்று மட்டும் இரண்டு மில்லிமீட்டர் கூடுதல் உயரம். ஆசிரியர் அதைத் தொட்டு, "இந்தப் படியிலதான் எல்லாரும் விழுவாங்க" என்றார்.

வெளியே வரும்போது அலுவலகத்தில் இருக்கும் அக்கா வருகைப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். மொத்தம் நாற்பத்தெட்டு வகுப்பு. முப்பத்தாறு வந்திருந்தால்தான் தேர்வு எழுத விடுவார்கள். நான் பன்னிரண்டு வகுப்பு வரவில்லை. வியாழக்கிழமை கடைசி வகுப்பு.

"வியாழக்கிழமை வரலைன்னா அடுத்த வருஷம் முதல்ல இருந்துதான். பாத்துக்கோ" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. அக்கறையாகச் சொன்னார்.

பன்னிரண்டையும் பழைய டைரியில் தேடிக் கணக்குப் பார்த்தேன். மூன்று நாள் காய்ச்சல். மீதி ஒன்பதும் கட்டடம். தொட்டி கழுவியது இரண்டு நாள், வண்டி நிறுத்துமிடத்துக்கு எண் எழுதியது ஒரு நாள், புதிதாக வந்த குடும்பத்தின் பீரோ படிக்கட்டில் மாட்டிக்கொண்டது ஒரு நாள்… பீரோவுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று இப்போது நினைவில்லை.

அண்ணியிடம் வியாழக்கிழமை சாவியோடு இருக்க முடியுமா என்று கேட்டேன். "அன்னைக்கு எனக்கு ஷிப்ட் எட்டு வரைக்கும். உங்கண்ணன் வர ஒன்பதாகும்" என்றார். பிறகு, "யாரு உன் தலையில இதையெல்லாம் கட்டினது? நாளைக்குச் சங்கக் கூட்டத்துல நேராவே கேளு" என்றார்.

கேட்கப் போகிறேன். பழைய கூட்டக் குறிப்பு நோட்டை எடுத்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

மார்ச் 11, புதன்

கூட்டம் மாலை ஆறு மணிக்கு, வண்டிகள் நிறுத்தும் தளத்தில். பிளாஸ்டிக் நாற்காலி பதினாறு போட்டேன். (நாற்காலி போடுவது நோட்டீஸில் இல்லை. பத்தாவது வேலை.) பதினோரு பேர் வந்தார்கள்.

வாட்ச்மேன் விடுப்பு, குப்பை வண்டி நேரம் எல்லாம் பேசி முடித்த பிறகு நான் எழுந்து நின்றேன். எழுதி வைத்திருந்ததைப் பார்த்துப் படிப்பதுபோலச் சொன்னேன். "நாளைக்கு ஆறரை மணிக்கு லிஃப்ட் ஆள் வரும்போது யாராவது ஒருத்தர் கூட இருக்கணும். சாவி கொடுக்கணும், வேலை முடிஞ்சதும் அவங்க தாள்ல கையெழுத்துப் போடணும். என்னால முடியாது."

ஒருவர் செல்போனைப் பார்த்தார். ஒருவர் தன் செருப்பைப் பார்த்தார். டிரைவர் மாமா மட்டும், "அதான் நோட்டீஸ் போட்டிருக்கே, யாராவது வருவாங்க" என்றார்.

"நீங்க வர்றீங்களா மாமா?"

"நானா? எனக்கு நாளைக்கு மூட்டை கட்டணும்மா."

"வெள்ளிக்கிழமைதானே ஊருக்கு?"

"அதுக்குத்தான் நாளைக்கே கட்டணும்."

சிரித்தார்கள். கண்டக்டர் சாரும் சிரித்துவிட்டு, "டிக்கெட் டிக்கெட்னு கேட்டா எல்லாரும் பாஸ்ங்கிறாங்க. நீங்களே பாத்துக்குங்கம்மா, பழகினவங்க" என்றார்.

அப்போதுதான் நோட்டை எடுத்தேன். "சார், இந்த ஒன்பது வேலையும் என் பேர்ல எப்படி வந்துச்சுன்னு இன்னைக்குத் தெரியணும். யார் என் பேரைச் சொன்னாங்க?"

அவர் நோட்டை வாங்கிக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். நான் எங்கள் கடையில் எடுத்துக் கொடுத்த கண்ணாடி. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். கிண்டல் எதுவும் இல்லாமல் சொன்னார்:

"நான் ஒரு தடவையும் உங்களைக் கேட்டதில்லையேம்மா. கூட்டத்துல யாரும் கை தூக்கலைன்னா, பாத்துக்கலாம்னு விட்டுருவோம். மறுநாள் நீங்க எழுதிக்கொண்டு வருவீங்க. பொறுப்பாளர்னு போட்டு உங்க பேரு இருக்கும். அட, இந்தப் புள்ளை தானா எடுத்துக்குச்சேன்னு நான் கையெழுத்துப் போடுவேன். உங்களைப் பத்தி எங்க வீட்டுல எவ்வளவு பெருமையாப் பேசியிருக்கேன் தெரியுமா?"

நோட்டைத் திருப்பி வாங்கிப் பார்த்தேன். ஒன்பது இடத்திலும் என் கையெழுத்து. சில இடத்தில் அடைப்புக்குறிக்குள் 'தற்காலிகம்' என்றுகூட எழுதியிருக்கிறேன். யாரும் என்னைக் கட்டிப் போடவில்லை. வீட்டுக்கு வந்து, ஸ்கேலை வைத்துக் கோடு போட்டு, காலியாக நின்ற கட்டத்தைப் பொறுக்க முடியாமல் நானே என்னை உள்ளே வைத்து எழுதியிருக்கிறேன்.

கோபப்பட ஒரு ஆள்கூட மிச்சமில்லை. எதிரில் ஒருத்தர் இருந்தால் கத்தலாம், அழலாம். பதினோரு பேரும் என்னை நல்லவிதமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எழுதிக்குங்கம்மா" என்றார் கண்டக்டர் சார். "லிஃப்ட், வியாழன் ஆறரை."

எழுதினேன். வேலை, நாள், நேரம். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் பேனாவை மூடிவிட்டேன். "பேர்?" என்றார் அவர். "யாரும் கை தூக்கலை சார்" என்றேன். அவர் அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்தார். கீழே கையெழுத்துப் போட்டார். கூட்டம் முடிந்தது.

ஜெயித்த மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. நாற்காலிகளை அடுக்கும்போது தையல்கார அக்காவின் மூட்டுதான் நினைவுக்கு வந்தது. நான் வகுப்புக்குப் போனால் மோட்டார் அறை பூட்டியிருக்கும். வந்தவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள். போகாவிட்டால் ஒரு வருஷம் போகும். அவரிடம் நானே போய்ச் சொல்லிவிடுவதுதான் நியாயம் என்று பட்டது. சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்ததும் வகுப்பை விட்டுவிடுவேன் என்றும் தெரியும். ஐந்து மாடியும் அப்படித்தான் ஏறினேன்.

தையல்கார அக்கா தனியாக இருக்கிறார். காலை ஸ்டூலில் நீட்டி வைத்துக்கொண்டு, கதவைத் திறந்தே போட்டிருந்தார். செடி முதல் லிஃப்ட் வரை ஒன்பது வேலையையும், என் வகுப்பையும், மோட்டார் அறைச் சாவியையும் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன், இரண்டு தடவை.

"முடிச்சிட்டியா?" என்றார். "அந்த மோட்டார் ரூம் எங்க இருக்கு?"

"உங்க வாசலுக்கு மேல பத்துப் படி, அக்கா."

"வர்றவனுக்குச் சாவியைக் கொடுக்கணும், ஒரு கையெழுத்துப் போடணும். அதுக்குக் கால் எதுக்குடி? எனக்குக் கைக்கா ஆபரேஷன் பண்ணாங்க?"

நான் வாசலை எட்டி அந்தப் பத்துப் படியைப் பார்த்தேன்.

"பத்து நாளா இந்தச் சுவரைப் பாத்து உக்காந்திருக்கேன். வர்றவங்க எல்லாம் பழம் கொடுத்துட்டுப் பாவம்னு சொல்லிட்டுப் போறாங்க. ஒரு வேலைக்கு ஒருத்தர் கேக்கலை."

"நோட்டீஸ் போட்டிருந்தோம் அக்கா…"

"எங்க?"

"கீழ. லிஃப்ட் கதவுகிட்ட."

அவர் என்னையே பார்த்தார். "லிஃப்ட் ஓடாம மேல மாட்டிக்கிட்டு இருக்கிறவ, கீழ ஒட்டின நோட்டீஸை எப்படிப் படிப்பா? பைனாகுலர் வெச்சா?"

சிரிப்பு வந்தது எனக்கு. கூடவே கண்ணும் கலங்கியது. அவர் அதைக் கவனிக்காத மாதிரி ஊசி டப்பாவை மூடினார்.

"லிஃப்ட் மட்டும்தான், சொல்லிட்டேன். அது சரியாகணும்னு உன்னைவிட எனக்குத்தான் அவசரம். மத்த எட்டும் உன் பாடு. அந்தச் செடி கிடி எல்லாம் என்கிட்ட கொண்டு வராதே."

"சரிக்கா."

"எல்லாத்துக்கும் சரிங்காதே. போ."

இறங்கி வந்து இதை எழுதுகிறேன். இன்னும் எட்டு இருக்கிறது. எட்டு வீட்டுக் கதவைத் தட்டி, எட்டுப் பேரின் முகத்துக்கு நேராகக் கேட்க வேண்டும். அதற்கு எனக்குத் தைரியம் உண்டா என்று இன்றைக்குச் சொல்ல முடியாது. நாளை சாயங்காலம் தவறிப்போய் வீட்டுக்கு வந்துவிட்டுக் கிளம்பினால் வாசலில் யாராவது பிடித்துக்கொள்வார்கள், நானும் நிற்பேன். அதனால் வரைபலகை, டி-ஸ்கொயர், பென்சில் எல்லாவற்றையும் இப்போதே கடைக்குக் கொண்டுபோக எடுத்து வைத்துவிட்டேன்.

நாளை, வியாழன்: காலை ஏழரைக்கு ஐந்தாம் மாடியில் சாவியைக் கொடுப்பது. மாலை ஆறுக்குக் கடையிலிருந்து நேராக வகுப்பு.